கடல்நீரேரிக் கரையில் வீடு: மார்கழித் தண்ணீரைப் பார்த்து விலை பேசலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வந்து இருக்க எண்ணம். கொழும்புத்துறைப் பக்கம் கடல்நீரேரிக் கரையோடு எட்டுப் பரப்புக் காணியும் பழைய வீடும் விலைக்கு வருகிறது. சின்னதாக ஒரு ஃபைபர் படகும் மோட்டரும் வைத்திருக்க ஆசை. மார்கழி லீவில் போய்ப் பார்த்தபோது தண்ணீர் கடைசிப் படிக்கட்டு வரை நின்றது. “வாசலிலேயே ஆறடி” என்கிறார் தரகர். இதை எப்படி உறுதிப்படுத்துவது?

பதில்: தரகர்களின் அடிக்கோல் எப்போதும் கொஞ்சம் தாராளமானது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பெரும்பாலான இடங்களில் ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஆழந்தான். நடுவிலேயே இந்த நிலை என்றால், படிக்கட்டடியில் ஆறடி என்பது யாரோ வெட்டி வைத்தால்தான் உண்டு.

அதைவிட முக்கியமானது நீங்கள் போன மாதம். மார்கழி என்பது கடல்நீரேரி தன் முழு அழகையும் காட்டும் காலம். ஐப்பசி தொடங்கி மாரி மழை வெள்ளம் வந்து சேரும். இந்தப் பக்கத்துக் கடல்மட்டமும் அந்த மாதங்களில் உயர்ந்து நிற்கும். ஆடி, ஆவணியில் மழையும் இல்லை, வெயில் ஒருபக்கம் குடிக்கிறது, கடலும் தாழ்ந்துவிடுகிறது. உப்பாறும் வடமராட்சிக் கடல்நீரேரியும் கோடையில் பல இடங்களில் வற்றி உப்புப் பூத்த வெளியாகவே கிடக்கும். கொழும்புத்துறை அவ்வளவுக்கு மோசமில்லை, ஆனால் படிக்கட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சேற்றுத் திடல் வெளிப்பட்டால் ஆச்சரியப்படாதீர்கள். வருடத்திலேயே குறைந்த நாளில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது, அதுவும் வாசலில் மட்டுமல்ல, படகு ஓடும் வான் (ஆழமான நீர்வழி) வரைக்கும் வழி முழுக்க எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் நீங்கள் வாங்கப்போகும் ஆழம். வாசலில் நாலடி இருந்து, நூறு யார் தள்ளி ஒரு மணல்திட்டில் ஒன்றரை அடிதான் என்றால் உங்கள் படகுக்கு அந்த ஒன்றரை அடிதான் கணக்கு.

சரி, எவ்வளவு வேண்டும்? பதினெட்டு அடி ஃபைபர் படகு ஆளேறினால் ஏறக்குறைய ஒரு அடி அமிழும். மோட்டரை இறக்கினால் அதன் காற்றாடி இரண்டடிக்குக் கீழே போய்விடும். சேற்றை உறிஞ்சாமல், சாதாழை என்ற கடற்புல் சுற்றாமல் ஓட மூன்றடி வேண்டும். அதற்குக் குறைந்தால் மோட்டரைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றித்தான் வெளியே போகவேண்டும். பாசையூர், குருநகர்ப் பெடியள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அறுபது வயதில் பழகுவது சிரமம்.

இனி அளக்கும் விதம். இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்து அரை அடிக்கு ஒரு கோடு போடுங்கள். அடியில் ஒரு சாண் அகலப் பலகை வட்டத்தைப் பூட்டக்கூடியதாக இருக்கட்டும். இந்தக் கடல்நீரேரியின் அடி பல இடங்களில் இளகிய சேறு. வெறும் குழாயை ஊன்றினால் அது சேற்றுக்குள் இறங்கி, இல்லாத ஆழத்தைக் காட்டும். பலகையோடு வைத்தால் சேற்றின் மேல்மட்டம் தெரியும். பலகையைக் கழற்றிவிட்டு அழுத்தினால் கல்லோ இறுகிய மணலோ தட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் சேற்றின் தடிப்பு. ஒரு நாள் இறங்குதுறைக்குத் தூண் நட நினைத்தால் இந்தக் கணக்கு கைகொடுக்கும். மீன் தேடும் சோனார்க் கருவியை நம்பவேண்டாம். இவ்வளவு குறைந்த தண்ணீரில், அதுவும் சாதாழைக்கு மேலே, அது உளறும்.

படியிலிருந்து வான் வரை நேராகப் போய், பத்துப் பாகத்துக்கு (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஒருமுறை ஊன்றி, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். அமாவாசை அல்லது பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டிய நாள் என்றால் வற்றும் பெருக்கும் நன்றாகத் தெரியும். ஃபோனில் கிடைக்கும் வற்றுப் பெருக்கு நேரம் காங்கேசன்துறை போன்ற திறந்த கரைக்கு உரியது. கடல்நீரேரிக்குள் அது பிந்தி வரும், அளவும் குறையும். ஆகவே கரையில் நின்று கண்ணால் பார்ப்பதே மேல். விடியற்காலையில், காற்று எழும்ப முதல் முடித்துவிடுங்கள். தென்மேற்குக் காற்றான சோழகம் வீசினால் தெற்குப் பார்த்த கொழும்புத்துறைக் கரைக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். வடகிழக்கு வாடை அதை எதிர்க்கரைக்கு இழுத்துப்போகும். காற்று மாறினாலே சில அங்குலம் ஏறி இறங்கும்.

நீங்கள் இங்கே இல்லாத ஆள் என்பதால் ஓர் ஆணியும் அடித்துவிடுங்கள். மதிலிலோ படிக்கட்டின் பக்கச் சுவரிலோ, அசையாத இடத்தில். அளக்கும் அன்றைக்கு ஆணியிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, மாரியில் அது ஒரு அடி, திட்டில் ஆழம் மூன்றரை அடி. ஆடியில் ஒரு வற்று நேரத்தில் மருமகனையோ அயலவரையோ அனுப்பி ஆணியை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டரை அடி என்று பதில் வந்தால் தண்ணீர் ஒன்றரை அடி இறங்கியிருக்கிறது. திட்டில் மிஞ்சியது இரண்டடி. படகை மறுபடி இறக்கவே தேவையில்லை, எல்லா இடத்துக்கும் இதே ஒன்றரையைக் கழித்தால் போதும்.

அதுவரை பொறுக்கமுடியாது என்றால் கரையே கொஞ்சம் சொல்லும். அயலில் படகுகள் எங்கே கட்டப்பட்டிருக்கின்றன? கரையை விட்டுத் தள்ளி நங்கூரத்தில் நிற்க, ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் ஏறினால் விளங்கிக்கொள்ளுங்கள். சிறகுவலைக் கம்புகள் உங்கள் வழிக்குக் குறுக்கே நடப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரவில் மோட்டரோடு அதற்குள் போனால் வலையும் நட்டம், உறவும் நட்டம். கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு தேத்தண்ணி நேரம் கதைத்தால் ஆடி மாதம் எதுவரை நடந்துபோகலாம் என்பதைக் கைகாட்டிச் சொல்லிவிடுவார்கள்.

“ஆழம் இல்லாவிட்டால் தோண்டிவிடலாம்” என்றும் தரகர் சொல்லக்கூடும். அது உங்கள் காணியில்லை. நீர்ப்பரப்பும் அதன் விளிம்பும் அரசுடையது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர் தரைப்பக்கம் கரையோர வலயம். கடலோடு தொடுத்த நீர்நிலைகளில் முகப்பிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே வரை அது நீளும். வலயத்துக்குள் இறங்குதுறை, மதில், தோண்டல் எதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் துண்டு எதற்குள் விழுகிறது என்பதைக் கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கண்டல் மரம் நின்றால் கை வைக்கவே வேண்டாம். அனுமதி கிடைத்துத் தோண்டினாலும் சேறு திரும்ப வந்து நிரப்பும். பண்ணைப் பாதை போன்ற அணைப்பாதைகள் நீரோட்டத்தை மந்தமாக்கியதால் ஒதுக்குப்புறங்களில் இது இன்னும் வேகம். காணி உறுதிப் பத்திரத்தில் “தெற்கு எல்லை: கடல்” என்று மட்டும் இருந்தால் புதிய நில அளவைப் படம் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டுப் பக்கத்திலும் ஒரு தண்ணீர்க் கணக்கு உண்டு. 2008 கார்த்திகையில் நிஷா புயலுக்கும், 2020 மார்கழியில் புரெவிக்கும் வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள். சுவரில் புதுப் பூச்சு முழங்கால் உயரத்தோடு நின்றால் கேள்வியைத் திரும்பவும் கேளுங்கள்.

என் அபிப்பிராயம்: தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் வீடு என்றால் ஆழக் குறைவு ஒரு குறையே இல்லை, பேரப்பிள்ளைகள் வந்தால் பயமும் குறைவு. கோடையில் சாதாழை அழுகும் மணம் மட்டும் வரும். படகைக் குருநகர் அல்லது பாசையூர்ப் பக்கம் யாரிடமாவது ஒப்படைத்து வைக்கலாம். படகுக்காகத்தான் இந்தக் காணி என்றால் ஆடி மாத ஆணி அளவு வரும்வரை விலை பேசாதீர்கள், பேசினாலும் அதையே காட்டிக் குறையுங்கள். அப்புறம், அதே ஆடியில் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மாரியில் நல்ல தண்ணீர் தரும் கரையோரக் கிணறு, கோடையில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உவர் ஏறும். அப்படியானால் குழாய்நீர் இணைப்பு அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.