ஒரே சேறு, ஒரே காய்ச்சல், இவரு மட்டும் ஏன் ஐசியூல?

கேள்வி: டாக்டர், வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒண்ணாதான் குறுவை நடவுக்கு இறங்குனாங்க, ரெண்டு பேருக்கும் காய்ச்சல், கொழுந்தனார் எழுந்துட்டாரு, இவருக்கு செப்சிஸ்னு ஐசியூல வச்சிருக்காங்க. கூடப்பொறந்தவங்களுக்குள்ள எப்படி இந்த வித்தியாசம்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: கூடப்பொறந்தவங்கன்னாலும் ஜீன் சுமாரா பாதிதான்மா ஒத்துப்போகும். செப்சிஸ்ல, அதாவது தொற்று முத்தி உறுப்புகளையே பாதிக்கிற நிலையில, ஆளைச் சாய்க்கிறது கிருமி மட்டும் இல்ல, அத எதிர்க்க கிளம்புற நம்ம உடம்போட கட்டுமீறின ரியாக்‌ஷனும்தான், அதோட வேகத்துல ஜீனுக்கும் பங்கு இருக்கு. டென்மார்க்ல தத்துப் பிள்ளைங்கள வச்சு 1988ல ஒரு ஆய்வு வந்துச்சு, பெத்தவங்கள்ல ஒருத்தர் 50 வயசுக்குள்ள தொற்றுநோய்ல இறந்திருந்தா, வேற வீட்டுல வளந்த பிள்ளைக்கும் அந்த ஆபத்து கிட்டத்தட்ட 6 மடங்கு!

வயல் சேத்துக் கிருமியால வர்ற மெலியாய்டோசிஸ்ல இன்னும் ஆச்சரியம். கிருமியோட வாலக் கண்டுபிடிச்சு அலாரம் அடிக்கிற டிஎல்ஆர்5 ஜீன் சரியா வேலை செய்யாதவங்கதான் தாய்லாந்துல அதிகமா பொழச்சிருக்காங்க. ஆனா அதே மாற்றம் லீஜியோனெல்லாங்கிற வேற கிருமியால வர்ற நிமோனியாவுக்கு ஆபத்த கூட்டுது, அதனால நல்ல ஜீன் கெட்ட ஜீன்னு பிரிக்கவே முடியாது.

ஜீன் டெஸ்டுக்கு அலையாதீங்க, இப்போதைக்கு வைத்தியம் அத வச்சு மாறாது. அவருக்கு சர்க்கரை இருக்கா? மெலியாய்டோசிஸுக்கு அதுதான் பெரிய ரிஸ்க். சேத்துல வேலை பாத்தவருன்னு ஐசியூ டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லி, பிளட் கல்ச்சர் (ரத்தத்துல எந்தக் கிருமின்னு பாக்குற டெஸ்ட்) ரிசல்ட் கேளுங்கம்மா.