"அப்பாவை வரச் சொல்லுங்கள்" என்று பள்ளி அலுவலகம் சொல்லும்போது

அன்புள்ள தங்கைக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மகளை நான்காம் வகுப்பில் சேர்க்கப் போனால் கணவரை அழைத்து வரச் சொல்கிறார்கள், நீங்கள் எழுதும் மின்னஞ்சலுக்குப் பதில் அவருக்குப் போகிறது, இது வெளிநாட்டுக்காரி என்பதாலா, பெண் என்பதாலா, பேசாமல் அவரையே அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்ப வேண்டாம் என்பதே என் பதில். 2009இல் இதே ஊரில் அப்படி ஒரு மேசைக்கு முன்னால் நின்று, நான் அனுப்பிவிட்டேன்.

அன்று கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. என் கணவர் அரைநாள் விடுப்பு எடுத்துப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். படிவத்தில் தொடர்பு கொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவர் பெயரும் எண்ணும் ஏறின. அதன் பிறகு மகனுக்குக் காய்ச்சல் என்றாலும் பள்ளியிலிருந்து அவரைத்தான் அழைத்தார்கள். பள்ளிக்கு மூன்று தெரு தள்ளி வீட்டில் இருந்த எனக்குத் துறைமுகத்தில் வேலையாக இருந்த அவர் மூலமாகச் செய்தி வந்து சேரும்.

அதைவிட மனத்தில் தங்கியது வேறு. மகனைப் பெரிய பையன் ஒருவன் தொடர்ந்து அடித்து வந்ததைச் சொல்ல இருவருமாகப் போனோம். எந்த நாள், எந்த இடம், யார் பார்த்தார்கள் என்று நான் தேதிவாரியாக எழுதிய நோட்டு என் மடியில் இருந்தது. துணை முதல்வர் நாற்காலியைச் சற்றே திருப்பி, என் கணவருக்கு நேராக உட்கார்ந்தார். நான் வாய் திறந்ததும், "மம்மி, பதற்றப்படாதீர்கள்" என்றார். இங்கே ஆசிரியர்களும் செவிலியர்களும் எந்தத் தாயையும் மம்மி என்றே அழைப்பார்கள், பெரும்பாலும் பிரியமாகத்தான். அன்று அந்தச் சொல் என்னை அறைக்கு வெளியே நிறுத்தியது. பிறகு என் கணவர் அந்த நோட்டை வாங்கி, நான் எழுதியதை அப்படியே வாசித்தார். துணை முதல்வர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, இரண்டும்தான் என்பேன். விசாவில் நீங்கள் கணவரைச் சார்ந்து வந்தவர் என்று இருப்பதைப் பார்த்ததும், குழந்தை விஷயத்திலும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். நம் பெயர்கள் வேறு குழப்பும். மகளின் குடும்பப் பெயராக அவள் அப்பா பெயரும், உங்கள் குடும்பப் பெயராக உங்கள் அப்பா பெயரும் கடவுச்சீட்டில் இருந்தால், பெற்ற தாய்தானா என்ற சந்தேகம் அந்த மேசைக்கு வந்துவிடும். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். இன்னாரும் இன்னாரும் தாயும் மகளும் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு எடுத்துப் போனால், உங்களை அங்கேயே கையெழுத்திடச் செய்து, கட்டணம் இல்லாமல் முத்திரையிட்டுத் தருவார்கள்.

சட்டத்தில் நீங்கள் தளர்ந்த இடத்தில் இல்லை. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, பெற்ற தாய்க்குப் பெற்றோர் பொறுப்பும் உரிமையும் தாமாகவே உண்டு. முக்கிய முடிவுகளில் மற்றவர் கருத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டுமே தவிர, சட்டமோ நீதிமன்றமோ வேறுவிதமாகச் சொல்லாதவரை, தாய் தந்தை இருவரில் ஒருவர் மற்றவரின் ஒப்புதல் இல்லாமலே செயல்படலாம். கடவுச்சீட்டுக்கும் குழந்தையை நாட்டைவிட்டு அழைத்துச் செல்வதற்கும் இருவர் ஒப்புதலும் வேண்டும், அதில் வாதாடாதீர்கள். பள்ளிக் கட்டணம் கட்டும் பொறுப்பும் இருவருடையது என்பதால் அந்தத் தாளில் அவர் கையெழுத்தைக் கேட்டால் போடட்டும். சேர்க்கைக்கு அவர் நேரில் வந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும், "எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள்" என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தன் உரிமையைக் காத்துக்கொள்ள ஒருவருக்குத் தேவைப்படும் தகவலைப் பள்ளி காட்ட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்கிறது. இப்படிக் கேட்டபோது எனக்கு ஒருமுறைகூட விதி வந்ததில்லை. இரண்டு நாளில் படிவம்தான் வந்தது.

எழுத்தில் கேளுங்கள் என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இதே டர்பனில், மூக்குத்தி அணிந்து வந்த ஒரு மாணவியிடம் அதைக் கழற்றச் சொன்னது அவள் பள்ளி. தென்னிந்தியக் குடும்ப வழக்கம் இது என்று பள்ளிக்குக் கடிதம் எழுதியவர் அவளுடைய தாய். பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனவரும் அவரே. அங்கே தோற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வென்று, 2007இல் அரசியல் சாசன நீதிமன்றமும் அது நியாயமற்ற பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. அன்று அவர் எழுதிய கடிதம் அந்தத் தீர்ப்பில் எடுத்துப் பேசப்பட்டிருப்பதைப் படித்தபோது, மடியில் மூடிக் கிடந்த என் நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்றே நினைக்கிறேன். போனால் முதல்வர், அடுத்து பள்ளி நிர்வாகக் குழு, அதன் பிறகு மாகாணக் கல்வித் துறை என்று படிப்படியாகப் போங்கள். நிர்வாகக் குழுவில் வாக்குரிமை உள்ளவர்களில் பெற்றோர் பிரதிநிதிகளே பெரும்பான்மை. அவர்களில் யாராவது ஒரு தாயை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகள் படிக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பாகுபாட்டுப் புகாருக்குச் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம்.

உங்கள் கணவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து அவருக்கு அடுத்த மின்னஞ்சல் வரும்போது, "இதை என் மனைவியுடன் பேசுங்கள்" என்ற ஒரு வரியுடன், உங்களையும் சேர்த்து அவர் பதில் அனுப்ப வேண்டும். விளக்கமோ மன்னிப்போ வேண்டாம். என் கணவர் அதைத் தொடங்கவே நான்கு ஆண்டுகள் ஆயின. நானும் அவரிடம் அதுவரை கேட்கவில்லை.

படிவத்தில் முதல் வரிசையில் உங்கள் பெயரையும் எண்ணையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்; அவர் பெயர் இரண்டாவதாக வரட்டும். நான் இதே டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில்தான் இருக்கிறேன். பள்ளிக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உடன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் பேசுங்கள்.