பிளாஸ்டிக் தகட்டில் டிரைபாயிண்ட்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: சோலை மரங்களைப் பென்சிலில் வரைந்து பழகியவள் நான். அவற்றை, தகட்டை ஊசியால் கீறி, மை தடவித் துடைத்து, தாளில் அழுத்தி அச்செடுக்கும் டிரைபாயிண்ட் முறையில் வீட்டிலேயே அச்சோவியமாக்க விரும்புகிறேன். தகடு, ஊசி, மை, தாள் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக இணையத்தில் விற்கிறார்கள். அதை வாங்கலாமா? நீலகிரியில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் தகட்டை வரவழைப்பதில் சிக்கல் வருமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: பெட்டியாக வாங்க வேண்டாம், தனித்தனியாக வாங்குங்கள். இந்தக் கலையில் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை தாளும் மையும்தான். விலையைக் குறைத்துக் காட்ட வேண்டிய பெட்டிகளில் முதலில் தரம் குறைவதும் அந்த இரண்டிலேயே. தகட்டுக்கும் ஊசிக்கும் அதிகம் செலவிடத் தேவையில்லை.

எட்சிங் என்ற முறையில் தகட்டை அமிலத்தால் அரிப்பார்கள், டிரைபாயிண்டில் அமிலம் கிடையாது. கூரான ஊசியால் தகட்டைக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்புகிறது. பள்ளத்தோடு அந்தப் பிசிறும் மையைப் பிடித்துக்கொள்வதால்தான் அச்சில் கோடு வெல்வெட்டுப் போல மிருதுவாக விழுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் செப்புத் தகட்டில் செய்ததும் இதுவே. பிளாஸ்டிக்கில் பிசிறு விரைவில் நசுங்கிவிடும் என்பதால், ஒரு தகட்டிலிருந்து பத்துப் பதினைந்து நல்ல பிரதிகளுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தகடு ஒளி ஊடுருவக்கூடியது என்பது பெரிய வசதி. உங்கள் பென்சில் ஓவியத்தை மெல்லிய ஒளிபுகும் தாளில் நகலெடுத்து, அதைக் கவிழ்த்து அடியில் வைத்துக் கீறினால், அச்சில் இடவலம் மாறாமல் வரும்.

'பிளாஸ்டிக் தகடு' என்று மட்டும் கேட்டு வாங்காமல், பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அக்ரிலிக் கடினமானது, கோடு தெளிவாக விழும், ஆனால் வளைத்தால் உடையும், ஆழமாகக் கீறினால் சில்லுத் தெறிக்கும். பாலிகார்பனேட் சற்று இளகியது. வளைந்து கொடுக்கும், ஊசி வழுக்காமல் ஓடும். தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது பாலிகார்பனேட்டையே. கனம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் இருந்தால் போதும். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டி எஞ்சிய துண்டுகள் கிடைக்கும். அவை பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்காக இருக்கும் என்றாலும், கை பழகுவதற்கு அவற்றைக் கேட்டு வாங்கலாம். எந்தத் தகடானாலும் விளிம்புகளை அரத்தால் சரிவாக ராவி, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் அழுத்தத்தில் விளிம்பு தாளை அறுத்துவிடும். ஊசிக்கு, இரும்புப் பட்டறைக்காரர்கள் உலோகத்தில் கோடு போடப் பயன்படுத்தும் கார்பைடு முனை ஊசி மிக நன்றாக உழைக்கும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தடை, பிளாஸ்டிக் பை, குவளை, உறிஞ்சுகுழல் போன்ற ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருள்களுக்கானது. அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகள் அந்தப் பட்டியலில் இல்லை. எனினும் அட்டைப்பெட்டியில் காகிதம் சுற்றி அனுப்பும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள். கீறும்போது உதிரும் துகளையும் கழுவிவிடாமல் தூரிகையால் ஒரு தாளில் கூட்டி எடுத்துவிடுங்கள். நம் வீட்டுச் சாக்கடை நீர் கடைசியில் ஓடையில்தான் கலக்கிறது.

கேள்வி: இங்குள்ள குளிரில் மை கட்டியாகிவிடுகிறது. எந்த மையை வாங்குவது? (வாசகர், உதகை)

பதில்: பள்ளிகளில் பயன்படும் நீர்வண்ண அச்சு மை, துடைக்கும்போதே கோட்டின் பள்ளத்திலிருந்து வெளியேறிவிடும். எட்சிங்குக்கு என்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய் மையை வாங்குங்கள். சோப்பு நீரில் கழுவக்கூடிய வகை கிடைத்தால் இன்னும் நல்லது. மை இறுகியிருந்தால் டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்து, தேவைப்பட்டால் ஆளிவிதை எண்ணெய் ஓரிரு சொட்டுக் கலக்கலாம். செப்புத் தகட்டைச் சூடாக்குவதுபோலப் பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் காட்டக் கூடாது. சுத்தம் செய்யச் சமையல் எண்ணெயும் சோப்பும் போதும். தின்னர், அசிட்டோன் இரண்டும் இந்தத் தகடுகளை அரித்துவிடும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். மரத்தளமும் கணப்படுப்பும் உள்ள பழைய மலைவீடுகளில் இதில் அலட்சியமே கூடாது. துணியை வெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது நீர் நிரப்பிய டப்பாவில் போட்டு மூடுங்கள்.

தாள் பருத்தி இழையால் ஆனதாக, சதுர மீட்டருக்கு 250 கிராம் அளவில் இருக்கட்டும். நீரில் ஊறவைத்து, மேற்பரப்பின் பளபளப்புப் போகும்வரை ஒற்றி எடுத்த பிறகே அச்சிட வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தாளை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் நனையுங்கள்.

கேள்வி: அச்சு எந்திரம் வாங்க வசதியில்லை. கரண்டியால் தேய்த்தால் போதாதா? (வாசகர், குன்னூர்)

பதில்: மர அச்சுக்குப் போதும், டிரைபாயிண்டுக்குப் போதாது. ஈரத்தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுக்க உருளையின் அழுத்தம் வேண்டும். அஞ்சலட்டை அளவுப் படங்களுக்குப் பாஸ்தா மாவு தேய்க்கும் கை எந்திரத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். தகடு 1 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், தாளின் மேல் மெல்லிய ஃபெல்ட் துணி இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்த எந்திரம் சமையலுக்கு ஆகாது. வேறு வேலைக்குப் பயன்படுத்தியதால் உத்தரவாதமும் செல்லாமல் போகலாம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய தகடு முழுவதும் கீறலோடு வந்தது. 'சாதாரண உரசல்தான்' என்று திரும்பப் பெற மறுக்கிறார்கள். (வாசகி, கூடலூர்)

பதில்: சன்னலுக்குப் போடும் தகட்டில் அது உரசல், அச்சிடும் தகட்டில் ஒவ்வொரு கீறலும் மையைப் பிடித்துப் படத்தில் தெரியும் என்பதால் அது குறைபாடு. அடுத்த முறை, இரு பக்கமும் பாதுகாப்புப் படலம் உள்ளதா என்று எழுத்தில் கேட்டு, எதற்காக வாங்குகிறீர்கள் என்பதையும் தெரிவித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகைப்படங்களுடன் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன் பிறகும் தீரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது உதகையிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் கட்டணம் இல்லை. தகட்டை அதுவரை பயன்படுத்தாமல், வந்த பெட்டியோடு அப்படியே வைத்திருங்கள்.