கையால் ஓட்டினால் ஓடும் நெட் யூஸ், ஷெட்யூலரில் ஏன் ஓடுவதில்லை?

மஞ்சக்குப்பத்து ஆபீஸில் பைத்தான் ஸ்கிரிப்ட் நெட் யூஸ் (நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தோடு இணைக்கும் விண்டோஸ் கட்டளை) மூலம் இசட் டிரைவில் பேக்கப் எடுக்கிறது, கையால் ஓட்டினால் சரி, இரவு டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவி) 'பாதை இல்லை' என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிரைவ் எழுத்து கணினி முழுவதற்கும் பொதுவானதல்ல. எந்த லாகின் அமர்வில் இணைத்தீர்களோ, அங்கே மட்டும்தான் தெரியும். ஷெட்யூலர் தனி அமர்வில் ஓடுவதால் உங்கள் இசட் அதன் கண்ணில் படாது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தாலும் இதே கதை. விண்டோஸின் உள் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடவிட்டால் இன்னும் மோசம்: டொமைன் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத சின்ன ஆபீஸில் சர்வர் அதை அடையாளமே காணாது.

ஆகவே எழுத்தை விட்டுவிடுங்கள். சர்வர் பெயரும் பகிர்வின் (பகிரப்பட்ட ஃபோல்டரின்) பெயரும் சேர்ந்த முழுப் பாதையையே கொடுங்கள். பைத்தானில் அந்தப் பாதையின் தொடக்கத்து இரட்டை பேக்ஸ்லாஷ் ஒன்றாகச் சுருங்கிவிடும். மேற்கோளுக்கு முன் ஆர் (r) எழுத்தைப் போட்டால் தப்பிக்கலாம். டாஸ்க்கையும் அந்தப் பகிர்வில் அனுமதியுள்ள பயனர் பெயரில் ஓட்டுங்கள்.

அப்புறம், பிழைச் செய்தியை லாக் கோப்பில் எழுத வையுங்கள். பலரும் இதைச் செய்யாமல் இருட்டில் துழாவுகிறார்கள். பிழை எண் 53 வந்தால் சர்வரையே எட்டவில்லை. பெயர், ஃபயர்வால் பாருங்கள். 5 என்றால் அனுமதி இல்லை. 1219 என்றால் அதே சர்வருக்கு வேறு பயனர் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. பழையதை டெலீட் செய்துவிட்டு இணையுங்கள். பிழையே வராமல் ஸ்கிரிப்ட் தொங்கி நின்றால், பெரும்பாலும் அது பாஸ்வேர்டு கேட்டுக் காத்திருக்கிறது.