சட்டம் மாறியும் அமெரிக்காவில் ‘வெள்ளையர் சலுகை’ ஏன் நீடிக்கிறது?

வெள்ளை நிறத்தவர் என்பதாலேயே, கேட்காமல் கிடைக்கும் அனுகூலம்தான் வெள்ளையர் சலுகை. பெரும்பாலும் அது கண்ணுக்கே தெரியாது.

வீட்டுக்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பில் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்றது. 1934-ல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அப்பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதம் தரத் தயங்கியது. வெள்ளையர் புறநகரில் வீடு வாங்கினார்கள், விலை ஏறியது, பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு அதுவே கைகொடுத்தது. அமெரிக்காவில் பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது, அதனால் வீட்டு விலை ஏறிய பகுதியின் பள்ளிக்கும் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1968-ல் சட்டம் வீட்டுக்கடனில் இப்படி இனம் பார்ப்பதைத் தடுத்தது. சரி, ஆனால் டிப்போவிலேயே ஏறியவர்களால் சீட்டெல்லாம் நிரம்பிய பஸ்ஸில், வழியில் ஏறுபவரிடம் “இனி யாரும் உட்காரலாம்” என்று சொன்னால் என்ன பயன்? 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், இடைநிலை (சொத்து வரிசையில் சரியாக நடுவில் உள்ள) வெள்ளையர் குடும்பத்தின் சொத்து, அதே போன்ற இடைநிலைக் கறுப்பினக் குடும்பத்தினுடையதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு.

இதனால் எல்லா வெள்ளையரும் வசதியாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஏழை வெள்ளையர் ஏராளம், அவர்களுடைய கஷ்டத்துக்குத் தோல் நிறம் காரணமில்லை, அவ்வளவுதான்.