பத்து மீட்டர் தள்ளி ஒரு கறுப்பு வட்டம்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், ஊரில் பாதிப் பேர் பரணில் ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. நான் கோச் இல்லை. பதினைந்து வருடமாக வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் நின்று சுடுகிற சாதாரண ஆள். அந்த அளவுக்குள் பதில் சொல்கிறேன்.

வயது 34, ஐ.டி. வேலை. ஏர் பிஸ்டல் வாங்க ஆசை. மூவாயிரம் ரூபாயிலிருந்து லட்சக்கணக்கு வரை இருக்கிறதே, எதை வாங்குவது? (வாசகர், கோவை)

முதல் மூன்று மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள். கோவை, சென்னை, மதுரை, திருச்சி எல்லா ஊரிலும் ரைபிள் கிளப் இருக்கிறது. சேர்ந்ததும் கிளப் துப்பாக்கியிலேயே பழகலாம். அது பத்துப் பேர் கை பட்டு, கிரிப் வழவழவென்று தேய்ந்துபோயிருக்கும், பரவாயில்லை. உங்கள் கை பெரியதா சிறியதா, ஒரு கிலோ எடையை நீட்டிய கையில் ஒரு மணி நேரம் தூக்கித் தூக்கி இறக்கத் தோள் ஒத்துழைக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக மூன்றாவது மாதமும் இந்த ஆசை மிச்சமிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும்.

மூவாயிரம் ரூபாய் சமாச்சாரம் டப்பாவைச் சுடுவதற்கு. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகையில், விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்ந்து துப்பாக்கியே குதிக்கும். தப்பு உங்களுடையதா துப்பாக்கியுடையதா என்று கடைசி வரை தெரியாது. போட்டிக்கானது அழுத்தக் காற்று சிலிண்டர் வைத்தது. ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்தினி, ஃபைன்வெர்க்பாவ் என்று ஐரோப்பியப் பெயர்கள். இவற்றுக்குள் எது உசத்தி என்று கிளப்பில் டீ குடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள், நீங்கள் கலந்துகொள்ள வேண்டாம். நம் அளவுக்கு எல்லாமே நம்மைவிட நன்றாகச் சுடும்.

பழையது வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, சிலிண்டர் மேல் அடித்திருக்கும் தேதி: தயாரித்ததிலிருந்து பத்து வருடம்தான் அதன் ஆயுள், அதற்கு மேல் 200 பார் அழுத்தத்தை அதில் ஏற்றக் கூடாது, புது சிலிண்டரின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு, கிரிப்பின் அளவு. மரக் கிரிப்பில் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மரத்துக்கான புட்டிப் பசையை அப்பி, பிடித்துப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பிடித்துப் பார்த்து... என் கிரிப் இன்றைக்கும் பார்க்க அம்மை போட்ட மாதிரி இருக்கும். ஆனால் கண்ணை மூடி எடுத்தாலும் கை அதே இடத்தில் போய் உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. காற்று தீர்ந்துவிட்டதென்று யாராவது வெல்டிங் கடை ஆக்சிஜனை ஏற்றித் தருகிறேன் என்றால் ஓடி வந்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்தில் அழுத்த ஆக்சிஜன் போனால் வெடிக்கும். சுத்தமான காற்று மட்டும்தான்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு துருக்கிக்காரர் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு வந்து பதக்கம் வாங்கினாரே. அப்புறம் எதற்கு இந்தச் சாமான் செலவெல்லாம்? (மாணவர், மதுரை)

யூசுஃப் டிகெச். 51 வயதில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி. அதே பிரிவில்தான் நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினார்கள், அதை மறந்துவிட்டு எல்லாரும் அவருடைய பாக்கெட்டையே பார்த்தார்கள். பாக்கெட்டில் கை வைப்பது ஸ்டைல் இல்லை. சும்மா தொங்கும் கை ஆடினால் உடம்பும் சேர்ந்து ஆடும், அதற்காகத்தான். பிஸ்டல் சுடுகிற முக்கால்வாசிப் பேர் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ கையை மாட்டிக்கொள்வார்கள். பக்கப் பட்டையும் லென்ஸும் வைத்த கண்ணாடி இல்லாமல் சுடுவது அவர் பழக்கம். கையில் இருந்தது என்னவோ போட்டித் துப்பாக்கிதான். அவருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், 2008-லிருந்து போய்க்கொண்டிருக்கிறார். நீங்கள் எண்ண வேண்டிய செலவு அந்தப் பதினாறு வருடம்.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள், அதாவது .177, குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. இந்த இரண்டில் எதைத் தாண்டினாலும் தேவை. .22 ஏர் ரைபிளை ‘லைசென்ஸ் வேண்டாம் சார்’ என்று விற்க வருகிறவரை நம்பாதீர்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், பயணத்தில் பெட்டிக்குள் பூட்டியே கொண்டுபோங்கள். டீக்கடை பெஞ்சில் எடுத்துக் காட்டினால் போலீஸ்காரருக்கு விட்டத்தை அளக்கப் பொறுமை இருக்காது.

மாடியில் புறாத் தொல்லை. ஏர் கன் உதவுமா? (வாசகி, தஞ்சாவூர்)

உதவாது. வலை கட்டுங்கள்.

ஒன்றரை வருடமாகப் பழகுகிறேன். 60 குண்டு, ஒன்றுக்குப் பத்து என்று 600-க்கு 535, 540 என்று அங்கேயே நிற்கிறது. வேறு பெல்லட்டும் (ஈயக் குண்டு) மாற்றிப் பார்த்துவிட்டேன். என்ன செய்ய? (வாசகர், சென்னை)

பெல்லட் மாற்றிப் பார்த்தீர்களா, நானும் மாற்றினேன். ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என் என்று டப்பா டப்பாவாக, தலை விட்டம் 4.49-ஆ 4.50-ஆ என்று நகைக்கடைக்காரர் மாதிரி யோசித்து. துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கி வைத்துச் சுட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கையில் பிடித்துச் சுடும் 540 ஆளுக்குத் தெரியாது. ஒரே வகைத் தட்டைத்தலை பெல்லட்டில் நாலைந்து டப்பா மொத்தமாக வாங்கி வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

உங்கள் பிரச்சினை எங்கே என்று ஊகிக்கிறேன். பிஸ்டலில் குறி பார்க்கக் குழல் முனையில் நிற்பது முன் சைட், கண் பக்கம் பள்ளத்தோடு இருப்பது பின் சைட். இரண்டுக்கும் நடுவே ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட, சுமார் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி பத்து மீட்டரில். முப்பது மடங்கு. அதாவது பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் குண்டு 30 மில்லிமீட்டர் விலகி விழும், அதற்கு 7 புள்ளிதான். ஆனால் இரண்டு சைட்டும் ஒழுங்காகச் சேர்ந்திருந்து, கை மொத்தமாக ஐந்து மில்லிமீட்டர் இடமோ வலமோ ஆடினால்? குண்டும் அதே ஐந்து மில்லிமீட்டர்தான் தள்ளும். பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர், ஆகவே அப்போதும் பத்துதான்! புதிதாக வருகிறவர் எல்லாரும் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றால் கை ஆடுவதை. கறுப்பு வட்டத்தை உற்று உற்றுப் பார்த்து, அது நடுவுக்கு வருகிற நொடியில் ‘இதோ’ என்று விசையைச் சட்டென்று இழுக்கிறார்கள். அந்த ‘இதோ’வில்தான் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது.

வட்டம் மங்கலாகத் தெரியட்டும். முன் சைட்டின் மேல் விளிம்பு பிளேடு மாதிரி கூர்மையாகத் தெரிய வேண்டும். கை ஆடிக்கொண்டே இருக்கட்டும், விரல் மட்டும் நிற்காமல் மெல்ல அழுத்திக்கொண்டே போகட்டும். சுட்ட பிறகும் இரண்டு நொடி அப்படியே நின்று, சைட் எங்கே போய் உட்கார்ந்தது என்று பாருங்கள். எட்டு நொடிக்குள் வெடிக்கவில்லையா, கையை இறக்கிவிடுங்கள். இது சொல்வதற்குச் சுலபம். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, விட்டுடலாம்’ என்று மனசு சொல்லும்போது இறக்குவதற்கு எனக்கு நாலு வருடம் ஆயிற்று. 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், எங்கும் ஓட வேண்டியதில்லை.

வாரத்தில் மூன்று நாள் வீட்டில் பெல்லட் போடாமல் வெறும் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் செய்யுங்கள், முப்பது தடவை போதும். சுவரில் குறி எதையும் ஒட்டாதீர்கள், குறி இல்லாவிட்டால் கண் தானாக முன் சைட்டுக்கு வரும். போட்டி பிஸ்டல்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. குழல் மடக்கும் ஸ்பிரிங் துப்பாக்கியில் இதைச் செய்யாதீர்கள். முன்னால் பெல்லட் இல்லாமல் பிஸ்டன் மோதினால் உள்ளே காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல் போய்விடும்.

என் பழைய ஏர் ரைபிளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விடலாமா? கடல் பக்கம் வீடு, துரு பிடிக்கிறது. (வாசகர், நாகப்பட்டினம்)

வெளியே குழலில் துணியால் மெல்லிசாகத் தடவலாம். காற்று அறைக்குள் மட்டும் வேண்டாம். இதை அனுபவித்தவன் சொல்கிறேன்: முதல் ரைபிள் வாங்கிய புதிதில், ‘இறுக்கமா இருக்கே’ என்று துளைக்குள் தாராளமாக எண்ணெய் விட்டேன். மறுநாள் காலை முதல் சுடுதலில் படாரென்று சத்தம், குழல் வாயிலிருந்து நீலப் புகை, கருகிய வாசனை, அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது ஏறும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் எஞ்சின் மாதிரி. சீல் கிழிந்து, ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வர இரண்டு மாதம். துருவுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் துணி உறைதான், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறையை விட்டு எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டியில் வையுங்கள். ரேஞ்சிலிருந்து வந்ததும் வியர்வை பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள்.

வலக்கைக்காரன் நான். ஆனால் வலக்கண்ணை வைத்துக் குறி பார்த்தால் இரண்டு சைட் தெரிகிறது. கண்ணில் கோளாறா? (வாசகர், ஈரோடு)

இருக்காது. இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வைத்து, எதிரே ஒரு கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். உங்களுக்கு அது இடது என்று நினைக்கிறேன். பிஸ்டலுக்கு இது பெரிய விஷயமே இல்லை: இடக்கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு மாட்டுங்கள், 30 மில்லிமீட்டர் அகலம் வரை விதியிலேயே அனுமதி உண்டு. கண்ணை இறுக்கி மூட வேண்டாம், முகத் தசை இழுத்துக்கொண்டு திறந்த கண்ணும் களைத்துப்போகும். ரைபிள்தான் சுடப்போகிறீர்கள் என்றால் பழகும்போதே இடது தோளுக்கு மாறிவிடுவதைப் பற்றிக் கோச்சிடம் பேசுங்கள்.

மகளுக்கு 11 வயது, ஏர் ரைபிள் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். தோல் ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் உடனே தைக்கச் சொல்கிறார்கள். அவசியமா அண்ணா? (வாசகி, சேலம்)

உடனே வேண்டாம்மா. ரைபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பால்பாயின்ட் பேனா வைத்த பொட்டு அளவு. அதை நின்றுகொண்டு அடிக்க உடம்பு அசையாமல் இருக்க வேண்டும், அந்த விறைப்பான ஜாக்கெட் அதற்காகத்தான், போட்டி என்று வந்தால் அது இல்லாமல் முடியாது. ஆனால் 11 வயதுக் குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்தால் ஆறு மாதத்தில் கை மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிடும். கிளப்பில் வளர்ந்த பிள்ளைகளின் பழைய ஜாக்கெட் கட்டாயம் இருக்கும், கேளுங்கள். முதலில் ரைபிளைத் தாங்கியில் வைத்துச் சுடப் பழகட்டும். முழு எடையையும் பிஞ்சு முதுகு வளைந்து தாங்குகிற மாதிரி நிறுத்தினால் ‘வேண்டாம்’ என்று சொல்ல நீங்கள் தயங்கக் கூடாது. அப்புறம், பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிஸ்கட் பாக்கெட்டைத் தொடக் கூடாது, இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், லண்டன் ஒலிம்பிக்கில் 2012-ல் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். மகளுக்குச் சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கும்.

தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அவர் போன மாதம் காலமானார். கிளே டார்கெட் (வானில் பறக்கவிடும் தட்டு) சுட ஆசை, அதையே பயன்படுத்தலாமா? (வாசகர், புதுக்கோட்டை)

முதலில் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், இன்றைக்கே. உரிமம் தாத்தா பெயரில் இருந்தது, அவரோடு அது முடிந்தது. வீட்டில் வைத்திருப்பதே இப்போது குற்றம். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் மனதில் வையுங்கள்.

உரிமம் வந்ததும் தோட்டா வாங்க ஓடாதீர்கள். பழைய 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிகளில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும் வாய்ப்பு அதிகம். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் போய் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்தே: வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நல்ல துப்பாக்கி மெக்கானிக் அளந்து சொல்லட்டும். பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்கு வேறு துப்பாக்கி வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் ஊர்க்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை போய் டிராப் சுட்டு வந்தார், ஆகவே ஆசையை விட வேண்டாம்.

என் கணவர் தினமும் ராத்திரி சாப்பிட்டதும் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கிறார். குண்டும் போடுவதில்லை. இது சரியாகிவிடுமா? (வாசகி, திருச்சி)

ஆகாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத அறையாகப் பார்த்துக் கொடுங்கள், பெல்லட் டப்பாவை மட்டும் அந்த நேரத்தில் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும்.