அப்பாவின் நினைவு நாளுக்கு அன்னதானம்: போனில் கேட்பவரிடம் பணம் அனுப்பலாமா?

கேள்வி: சேலத்தில் வசிக்கிறேன். என் தந்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாள் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று ஒரு குழந்தைகள் இல்லத்தில் 100 பேருக்கு மதியச் சாப்பாடு போட நினைக்கிறோம். இணையத்தில் விசாரித்ததிலிருந்து ஒருவர் தொடர்ந்து போன் செய்கிறார். 15,000 ரூபாய் அனுப்பினால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, அப்பாவின் படத்துக்கு முன்னால் அவர்கள் பிரார்த்தனை செய்வதை வீடியோ எடுத்து அனுப்புவாராம். வரிச்சலுகைக்கான 80ஜி ரசீதும் உண்டாம். பாதிப் பணம் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியுடையது. அனுப்பலாமா? வரிச்சலுகை கிடைக்குமா? நாங்களே சமைத்துக் கொண்டுபோனால் ரசீது தருவார்களா?

பதில்: அனுப்பாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் மோசடிக்காரர் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் அவர் தருவதாகச் சொல்லும் அந்த வீடியோவே தப்பு. இல்லங்களில் வளரும் பிள்ளைகள் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவர்கள். அவர்களின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும்படியான எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதன் 74-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஒழுங்காக நடக்கும் இல்லம் பிள்ளைகளின் முகத்தைக் காட்டி வீடியோ எடுக்க விடாது. எடுத்து அனுப்புகிறேன் என்று ஒருவர் தானாக முன்வந்தால், அவருக்குச் சட்டம் தெரியாது. அல்லது தெரிந்தும் கவலையில்லை. இரண்டில் எதுவானாலும் உங்கள் பணம் அங்கே போக வேண்டியதில்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவருடைய அப்பாவின் படத்துக்கு முன்னால், அப்பாவை இழந்த பிள்ளைகளை வாரத்துக்கு மூன்று முறை கைகூப்ப வைக்கிறார்கள். உங்கள் தந்தைக்கு அதில் என்ன புண்ணியம் சேரப்போகிறது?

இந்தத் தொழில் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். இணையத்தில் 'அன்னதானம்' என்று தேடி எங்காவது உங்கள் எண்ணைக் கொடுத்ததும் அது ஒரு பட்டியலில் ஏறிவிடுகிறது. போன் செய்பவர் பெரும்பாலும் இல்லத்தின் ஊழியர் இல்லை, வசூலில் பங்கு வாங்கும் ஆள். ஒரு சாப்பாட்டுக்கு 150 ரூபாய் என்பார். சில இடங்களில் ஒரே நாள் மதியச் சாப்பாட்டை நாலு குடும்பங்களுக்கு விற்கிறார்கள். வீடியோவும் ஒன்றுதான், மாலை போட்ட படம் மட்டும் மாறும். பணம் பெரும்பாலும் ஒரு தனிநபரின் கணக்குக்குப் போகிறது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தவுடன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அறக்கட்டளையின் பெயர் வராமல் ஓர் ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "டிரஸ்ட் அக்கவுண்ட்ல கொஞ்சம் பிரச்சினை, இது நம்ம செயலாளர் நம்பர்தான்" என்பார்கள். அந்தப் பிரச்சினை தீரட்டும், பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள்.

சான்றிதழ்களைக் காட்டி மடக்குவது அடுத்த வழி. 'தர்பன் எண்' இருக்கிறது என்பார்கள். அது அரசின் இணையதளத்தில் பதிந்துகொண்டதற்கான அடையாள எண்தான். யாரும் வந்து பார்த்து நற்சான்று கொடுத்ததாக அர்த்தம் இல்லை. 80ஜி இருக்கிறது என்பார்கள். அது வரித் துறை அறக்கட்டளைக்குக் கொடுத்தது. பிள்ளைகளை வைத்துப் பராமரிக்க அனுமதி உண்டா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய காகிதம் ஒன்றே ஒன்று: இளைஞர் நீதிச் சட்டம் 41-வது பிரிவின் கீழ் வாங்கிய இல்லப் பதிவுச் சான்றிதழ். ஐந்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தேதியைப் பாருங்கள். இல்லத்தின் முகவரி அதில் இருக்கிறதா பாருங்கள். பதிவு இல்லாமல் இல்லம் நடத்துவது 42-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுக்கும் உரிய குற்றம்.

காகிதத்தைப் பார்த்து உங்களுக்குப் புரியாவிட்டால் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், "இந்த இல்லம் பதிவு பெற்றதா?" என்று நேரில் கேளுங்கள். அதோடு, "எந்த இல்லத்துக்கு உதவி தேவைப்படுகிறது?" என்றும் கேளுங்கள், இணையத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்களின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கின் பெயர் மூன்றையும் தமிழில் ஒரு பக்கமாக எழுதி ஆட்சியர் அலுவலகச் சுவரில் ஒட்டினால் இந்தத் தரகில் பாதி ஒரே மாதத்தில் அடங்கிவிடும். அதற்கு நிதியும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். 40 பிள்ளைகளை வைத்து நேர்மையாக நடத்தும் இல்லத்தின் நிர்வாகி பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, 12ஏ, 80ஜி, ஆண்டறிக்கை என்று அலைந்துகொண்டே இருக்கிறார். ஒரு செல்போனையும் ஒரு க்யூஆர் கோடையும் வைத்திருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கொடுக்கும் மனம் உள்ளவர்கள் ஏமாந்து, அடுத்த வருடம் கொடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். அதில் அடிபடுவது நேர்மையான இல்லங்கள்தான்.

இனி வரி. நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. புதிய வரி முறையில் கணக்குக் கொடுப்பவர்களுக்கு 80ஜி சலுகை கிடையாது. நீங்களாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையில்தான் இருப்பீர்கள். கேள்வி அங்கேயே முடிந்தது. பழைய முறையில் இருந்தால், இத்தகைய அறக்கட்டளைகளுக்குப் பொதுவாகக் கொடுத்த தொகையில் பாதி கழிவாகும். 15,000 கொடுத்தால் வருமானத்திலிருந்து 7,500 குறையும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்குச் செஸ் சேர்த்து மிச்சம் 1,560 ரூபாய். இவ்வளவுதான். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. எல்லாரும் 80ஜி என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

அந்த 1,560 கிடைக்கவும் நிபந்தனை உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை போச்சு. காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ எதுவானாலும் அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். கொடுக்கும்போதே உங்கள் பான் எண்ணைக் கொடுங்கள். அறக்கட்டளை அதை வைத்து 10பிடி படிவத்தில் கணக்குக் கொடுத்தால்தான் 10பிஇ என்ற சான்று உங்களுக்கு வரும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் வர வேண்டும். அச்சடித்த அழகான ரசீது மட்டும் போதாது, 10பிஇ வேண்டும். "மே மாசம் 10பிஇ தருவீங்களா?" என்று தரகரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பேச்சின் தொனியே மாறும்.

"நீங்க 15,000 குடுங்க, 50,000-க்கு ரசீது போட்டுத் தர்றோம்" என்றும் சிலர் சொல்வார்கள். வாங்காதீர்கள். பொய்க் கழிவுகளைத் தேடி வருமான வரித் துறை 2025 ஜூலையில் நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதில் 80ஜி-யும் ஒன்று. பொய்யாகக் காட்டியது பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரும்.

நீங்களே சமைத்துக் கொண்டுபோனால் புண்ணியம் உண்டு, கழிவு இல்லை. அரிசி மூட்டை, துணி, நோட்டுப் புத்தகம் என்று பொருளாகக் கொடுக்கும் எதற்கும் 80ஜி கிடையாது. ஹோட்டலுக்கோ சமையல்காரருக்கோ நேரடியாகப் பணம் கொடுத்தாலும் இல்லை. அறக்கட்டளைக்குப் பணமாகக் கொடுத்து, அவர்கள் அதில் சமைத்தால் உண்டு.

உங்கள் தம்பி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், இதில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? சிங்கப்பூரில் நிரந்தரவாசம் பெற்றிருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கவலை இல்லை. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவர்களுக்குக் கேள்வி வராது.

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) அவர் வெளிநாட்டவர்தான். டாலராக இல்லாமல் ரூபாயாகக் கொடுத்தாலும் அதேதான். எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள அறக்கட்டளை மட்டுமே அந்தப் பணத்தை வாங்கலாம். அதையும் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். சிறிய இல்லங்கள் பலவற்றுக்கு இந்தப் பதிவு கிடையாது. உடனே எல்லாரும் சொல்லும் யோசனை, "தம்பி உங்களுக்கு அனுப்பட்டும், நீங்கள் இல்லத்துக்குக் கொடுங்கள்" என்பது. இது கூடாது. வெளிநாட்டவரிடம் வாங்கிய பணத்தை இன்னொருவர் கை மாற்றிக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தம்பி உங்களுக்கு, உங்கள் செலவுக்கு அனுப்புவதில் தடை இல்லை. நெருங்கிய உறவினரிடம் ஆண்டுக்கு 10 லட்சம் வரை வாங்கினால் யாருக்கும் தெரிவிக்கக்கூட வேண்டாம். அவருக்காக அதை இல்லத்திடம் சேர்ப்பதுதான் சிக்கல், அதிலும் முதலில் மாட்டுவது இல்லம். பதிவு இல்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்கியதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால், தம்பி வெளிநாட்டுக் குடிமகன் என்றால் வீட்டில் நடக்கும் திதிச் செலவு, ஐயருக்குத் தட்சிணை, உறவினர் சாப்பாடு இவற்றை அவர் ஏற்கட்டும். இல்லத்துச் சாப்பாடு முழுக்க உங்கள் பணத்தில் நடக்கட்டும். அவர் மனசு கேட்கவில்லை என்றால் எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள ஒரு பெரிய அறக்கட்டளைக்குத் தன் பெயரிலேயே நேரடியாக அனுப்பிக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை என்கிறீர்கள். ஞாயிறு, தை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் ஒரே இல்லத்துக்கு மூன்று குடும்பங்கள் பாத்திரத்தோடு வந்து நிற்கும். பிள்ளைகளால் எவ்வளவுதான் சாப்பிட முடியும்? முதலிலேயே போன் செய்து அன்று மதியம் காலியா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்து வரும் செவ்வாயோ புதனோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் திதியை உரிய நாளில் செய்துவிட்டு, சாப்பாட்டை வேறு நாளில் போடுவதில் குறை ஒன்றும் இல்லை. இல்லத்தின் சமையலறையிலேயே சமைக்கக் கேட்டுப் பாருங்கள். அதுதான் எல்லா வகையிலும் நல்லது.

100 பேருக்கு, பிள்ளைகள் அதிகம் என்றால் அரிசி 10 கிலோ, பெரியவர்கள் என்றால் 12 முதல் 13 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3½ கிலோ, சாம்பாருக்கும் பொரியலுக்குமாகக் காய் 10 கிலோ, தயிர் 10 லிட்டர், எண்ணெய் 2 லிட்டர். சேமியா பாயசம் ஆளுக்கு ஒரு சிறு டம்ளர் என்றால் சேமியா 1 கிலோ, பால் 6 லிட்டர், சர்க்கரை 2 கிலோ. 15,000 ரூபாய் இதற்குத் தாராளமாகப் போதும். மிஞ்சும் பணத்தில் அவர்கள் கேட்கும் மளிகையை வாங்கிக் கொடுங்கள்.

வெளியிலிருந்து கொண்டுபோவதானால் ஒரு மணிச் சாப்பாட்டுக்குப் பதினொரு மணிக்கு முன்னால் சோறு வடிக்காதீர்கள். காலை ஆறு மணிக்கே பொட்டலம் கட்டி வைப்பதுதான் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் பெரும்பாலும் காரணம். வெதுவெதுப்பாக மூடிக் கிடக்கும் சோற்றில் ஒரு கிருமி வளர்ந்து நஞ்சை விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. கைபட்டால் சுடும் அளவுக்குச் சூடாகவே போய்ச் சேர வேண்டும். தயிர்ச்சாதத்தை அங்கே போய்ப் பிசையுங்கள். செய்தித்தாளில் மடிக்காதீர்கள், வாழையிலை போதும். கேட்டரிங் ஆள் என்றால் அவருடைய உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லம் எதுவும் சரிப்படவில்லை என்றால் அறநிலையத் துறைக் கோயில்களில் 2002 முதல் நடக்கும் அன்னதானத் திட்டம் இருக்கிறது. கோயில் அலுவலகத்தில் நேரில் கட்டி, கணினி ரசீது வாங்குங்கள். கோபுர வாசலில் ரசீது புத்தகத்தோடு நிற்பவரிடம் வேண்டாம். அந்தத் தேதி காலியா என்று கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு, ரசீதில் உங்கள் தந்தையின் பெயரும் நாளும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.